முத்திரை இருந்ததா, இல்லையா?

வடமராட்சியான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: “1990 முதல் 95 வரை யாழ்ப்பாணத்துக்குத் தபாலே கிடையாது, வந்ததெல்லாம் கிளாலி நீரேரியால் படகில் வந்த கைக்கடிதம்தான்.” வாசித்ததிலிருந்து எனக்கு எரிச்சல். கனடாவிலிருந்து அண்ணன் போட்ட நீல எயார்மெயில் எங்கள் வீட்டுக்கு வந்தது. முத்திரை குத்தியிருந்தது. தபால்காரர் சைக்கிளில் கொண்டுவந்து தந்தார். மார்கழியில் போட்டது சித்திரையில் வந்தது, அது வேறு கதை.

கிளாலி ஓடம்:
எழுதினது நான்தான். சண்டையில் ஆனையிறவுத் தரைப்பாதை பூட்டி, கரண்ட் இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலத்தில் தபால்காரர் மணியடித்துக்கொண்டு வந்தாராம்! எங்கள் அப்பா கொழும்பில். அவருடைய கடிதம் ஒவ்வொன்றும், இருட்டில் நேவிக்குப் பயந்து நீரேரி கடந்த யாரோ ஒருவரின் சட்டைப் பைக்குள்தான் வந்தது. உப்புத்தண்ணீர் பட்டு மை ஊறிப்போயிருக்கும். “மண்ணெண்ணெய்க்குக் காசு அனுப்பினேன்” என்ற வரி மட்டும் அழிந்து, அந்தக் காசு எங்கே என்று அம்மா ஒரு மாதம் யோசித்தார். முத்திரை ஒன்றிலும் ஒட்டவில்லை.

வடமராட்சியான்:
உங்கள் அப்பா முத்திரைக் காசை மிச்சம் பிடித்தால் ஊருக்கே தபால் இல்லை என்றாகிவிடுமோ? குத்தியிருந்தது என்கிறேன்.

மாமி:
ஒட்டுகிற முத்திரையா, குத்துகிற முத்திரையா, எதைப் பற்றிச் சண்டை பிடிக்கிறீர்கள்? கொழும்பில் தடுப்பில் இருந்த என் தம்பிக்கு அம்மா எழுதினது செஞ்சிலுவைச் சங்கத் தாளில். உறை இல்லை, யாரும் வாசிக்கலாம், குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம். “ஆடு இரண்டு குட்டி போட்டது, நீ சாப்பிடு” என்று எழுதினார். எங்களிடம் ஆடே இல்லை. இதைத் தபாலில் சேர்ப்பீர்களா?

வடமராட்சியான்:
மாமி, கொஞ்சம் பொறுங்கோ. கிளாலியார் முதலில் பதில் சொல்லட்டும். குத்தியிருந்ததா, இல்லையா?

கிளாலி ஓடம்:
இல்லை.

வடமராட்சியான்:
அப்படியென்றால் கடிதங்களைக் காட்டுங்கோ.

கிளாலி ஓடம்:
எதைக் காட்டுவது? 1995 ஒக்டோபர் 30 இரவு மழையில் நாவற்குழிப் பாலத்தில் நின்றபோது தலையில் அரிசிப் பை இருந்தது, கடிதப் பெட்டி இல்லை. ஆமி வருகிறது என்று வலிகாமமே எழும்பி நடந்தது. உங்கள் வடமராட்சி அன்றைக்கு வீட்டில் படுத்திருந்தது. உங்களுக்குப் பெட்டியும் பத்திரம், முத்திரையும் பத்திரம்.

வடமராட்சியான்:
87 மே மாதம் ஆமியின் ‘ஒப்பரேசன் லிபரேசன்’ தாக்குதல் யாருடைய ஊரில் நடந்தது? அப்போது வலிகாமத்தார் எங்கே படுத்திருந்தீர்கள்? ஒடியல் கூழுக்குப் பலாக்கொட்டை போடக்கூடாது என்று போன மாதம் வாதாடின ஆள்தானே நீங்கள். அன்றைக்கே உங்களை விளங்கிக்கொண்டேன்.

நல்லூர்ப் பெடியன்:
2006 இல் ஏ9 வீதி பூட்டினபோது நாங்களும்…

வடமராட்சியான்:
தம்பி, அது ரெலிபோன் காலம். இடையில் வராதே.

கிளாலி ஓடம்:
கூழை விடுங்கோ. உங்கள் நீலக் கடிதத்தைப் படம் பிடித்துப் போடுங்கோ, பார்ப்போம்.

வடமராட்சியான்:
போடத்தான் போகிறேன். திகதி கொஞ்சம் மங்கல், ஆனால் முத்திரை முத்திரைதான். பேரன் வந்ததும் போடுவேன்.

கிளாலி ஓடம்:
மூன்று நாளாகப் பேரன் வந்துகொண்டே இருக்கிறான். அவனும் கிளாலியாலோ வருகிறான்?