ஞாயித்துக்கிழமை தோட்ட வகுப்பு: நம்ம ஊருக்கு ஆகுமா, ஆகாதா?

ஓசூர் மாடி:
போன 4 ஞாயிறும் ஓசூர்ல ஒரு மண்டபத்துல இலவச வகுப்பு நடந்துச்சு. வீட்டுத் தோட்டம், மகரந்தம் சுமக்கிற பூச்சிங்க, காட்டுயிருக்கு இடம் விட்டு எப்படி நடறதுன்னு. நாலுக்கும் போனேன். எங்க கறிவேப்பிலையில காக்கா எச்சம் மாதிரி ஒட்டிட்டிருந்ததை இத்தனை வருஷமா தட்டி விட்டுட்டிருந்தேன். அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியோட புழுவாம். வளர்ந்ததும் பச்சையாயிடுது. ஈர்க்குச்சியால லேசா தொட்டா தலைக்குப் பின்னால சிவப்பா ரெண்டு கொம்பு நீட்டி ஒரு நாத்தம் விடுது பாருங்க! பையன் 2 நாளா அதே பேச்சு.

இதே வகுப்பைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒவ்வொரு ஒன்றியத்துலயும் நடத்தணும்னு மனு குடுக்கலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?

கிளிமூக்கு:
கோவிச்சுக்காதீங்க டீச்சர் (டீச்சர்தானே? எழுத்துலயே தெரியுது). நான் சந்தூர் பக்கம், 6 ஏக்கர் மாந்தோப்பு. மார்கழி, தையில மா பூத்து நிக்கும்போது இங்க காத்துல வர்றது பூ வாசனையா மருந்து வாசனையான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. பூவுல தத்துப்பூச்சி விழுந்தா இலையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும், அப்புறம் கரி பூசின மாதிரி ஆகும், பூங்கொத்து கருகிக் கொட்டும். அந்தப் பயத்துல இமிடாகுளோபிரிட் அடிக்கிறோம். ஐரோப்பாவுல தேனீக்கு ஆகாதுன்னு 2018ல திறந்தவெளிப் பயிருக்குத் தடை போட்ட அதே மருந்து.

நீங்க மாடியில 10 தொட்டி சாமந்தி வெச்சு விருந்து போடறீங்க. நான் இங்க ஏக்கர் கணக்குல விஷம் வெக்கிறேன். பேச வேண்டியது என்கிட்ட. என்கிட்ட யாரும் பேசல.

தளி ராகி:
"காட்டுயிருக்கு இடம் விடுங்க"ன்னு தளியில வந்து மைக் புடிச்சுச் சொல்லுங்க பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை ஆனா பன்னார்கட்டா காட்டுல இருந்து யானைக் கூட்டம் இறங்கும். ராகி முத்தற நேரம். பரண் மேல ராத்திரி பூரா முழிச்சு உக்காந்திருப்போம். எங்க மாமா வீட்டு வாசல்ல ஒத்தைப் பலா இருந்துச்சு. கோடையில பழம் பழுத்த வாசனைக்கு ஒரு ஒத்தை யானை வந்து சுத்துச்சுவரோட சாய்ச்சுட்டுப் போச்சு. மரத்தை வெட்டிட்டோம். இடம் விட்டது போதும் சாமி.

ஓசூர் மாடி:
தளி தம்பி, யானைக்கும் பட்டாம்பூச்சிக்கும் ஒரே வார்த்தையைப் போட்டது தப்புதான், ஒத்துக்கறேன். அங்க பேசினவர் பூச்சி, குருவி, ஓணான் அளவுலதான் சொன்னார். காட்டோரத்து ஊருக்கு வேற பாடம் வேணும்.

கிளிமூக்கு அண்ணா சொல்றதும் வலிக்குது. ஆனா விவசாயிக்கு லாபம் இருக்குன்னும் வகுப்புல சொன்னாங்களே! பாலக்கோடு தக்காளிக் கொல்லையில தேனீப் பெட்டி வெச்சா காய்ப்பு கூடுமாம்.

பாலக்கோட்டுப் பேரன்:
அக்கா, அங்கதான் இடிக்குது. தக்காளி பெரும்பாலும் தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கும், காத்து ஆட்டினாலே போதும். பூச்சி வந்தா காய் இன்னும் நல்லா வரும், அது நிஜம். ஆனா மகரந்தம் பூவோட குழலுக்குள்ள அடைஞ்சிருக்கும், உப்பு டப்பா மாதிரி. பூவைக் கட்டிப் புடிச்சு உடம்பை அதிர வெச்சாத்தான் நுனி வழியாக் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தெரிஞ்சது கருவண்டுக்கும், வயித்துல நீலப்பட்டை போட்ட தேனீக்கும். ரெண்டும் பெட்டிக்கு வராது. ஒண்ணு காய்ஞ்ச மூங்கில்ல இருக்கும், இன்னொண்ணு மண்ணுல வளை தோண்டும்.

எங்க புடலைப் பந்தல் மூங்கிலுக்குக் கீழ தினமும் மஞ்சளா மரத்தூள் கொட்டிக் கிடக்கும். அண்ணாந்து பார்த்தா சுண்டுவிரல் நுழையற ஓட்டை, துரப்பணம் போட்ட மாதிரி அத்தனை வட்டம். அப்பா மண்ணெண்ணெய் ஊத்தப் போனார். "முருங்கைக்கு அதுதான்டா வருது"ன்னு தாத்தா கையைப் புடிச்சுட்டார். அவர் எந்த வகுப்புக்கும் போனதில்ல.

பந்தலைப் பழைய மூங்கிலோட விடறதுக்குச் செலவே இல்ல. பெட்டி வாங்கச் சொல்றது சுலபம், விடச் சொல்றதுதான் யாருக்கும் தோணல.

கிளிமூக்கு:
தம்பி சரியா சொன்னாப்ல. இன்னொண்ணு கேக்கறேன் டீச்சர். மாவுக்கு மகரந்தம் சேர்க்கிறதுல பெரும்பங்கு ஈக்குத்தான். சாதாரண வீட்டு ஈ, பச்சை ஈ, பூ மேல அந்தரத்துல நிக்குமே அந்த ஈ. ஒரு கொத்துல ஆயிரக்கணக்குல பூ இருந்தாலும் அறுவடைக்கு நிக்கிறது ஒண்ணோ ரெண்டோ. அதுவும் ஈ வந்தாத்தான். 4 வாரத்துல ஒரு ஈ படமாவது போட்டுக் காட்டினாங்களா?

ஓசூர் மாடி:
இல்ல. எல்லாம் பட்டாம்பூச்சிதான்.

பென்னாகரம் அத்தை:
நானும் இந்த மாதிரி ஒரு வகுப்புக்குப் போனவதான், வேற ஊர்ல. "காலையில 7 மணிக்குள்ள ஆண்பூவைப் பறிச்சுப் பெண்பூவுல தடவுங்க"ன்னாங்க. பூசணிக்கு அது சரி, விடியக்காலம் விரிஞ்சு வெயில் ஏறினா மூடிக்கும். நான் சுரைக்கும் அதையே செஞ்சேன். 3 வாரம் பிஞ்சு பிஞ்சா மஞ்சளாகி உதிர்ந்துச்சு. சுரை வெள்ளைப்பூ, பொழுது சாயறப்பத்தான் விரியும், அதுக்கு வர்றது அந்திப்பூச்சிங்கன்னு பக்கத்து வீட்டு ஆயா சொன்னப்புறம் சாயங்காலம் விளக்கு வெக்கிற நேரத்துல தடவினேன். காய்ச்சு ஊருக்கே குடுத்தேன். அதனால வகுப்பே வேணாம்னு சொல்லல. ஆயாவையும் கூப்பிட்டு உக்கார வைங்கன்றேன்.

அப்புறம் தண்ணி. எங்க போர் தண்ணியில புளோரைடு, குடிக்க ஒகேனக்கல் குழாயை எதிர்பார்த்துக் கெடக்கறோம். "பூச்சி குடிக்கத் தட்டுல தண்ணி வைங்க"ன்னா சிரிப்பா வருது. அரிசி கழுவின தண்ணிதான் எங்க செடிக்கு. தட்டு வெச்சாலும் கூழாங்கல் போட்டு வைங்க, பூச்சி முழுகாது. வாரம் ஒருதரம் கொட்டித் தேய்ச்சுக் கழுவுங்க. டெங்கு கொசு முட்டை விளிம்புல ஒட்டிட்டிருக்கும், கொட்டினா மட்டும் போகாது.

தளி ராகி:
அத்தை பேசறது வகுப்பு. அதுக்கு நான் வரேன்.

பாலக்கோட்டுப் பேரன்:
கிளிமூக்கு அண்ணா, நீங்களும் ஒண்ணு சொல்லணும். விஷம்னு தெரிஞ்சும் ஏன் நல்லா பூத்த பூ மேல அடிக்கிறீங்க? மொட்டு விடறப்ப அடிச்சுட்டு, பூ விரிஞ்சப்புறம் நிறுத்தலாமே. இல்லன்னா சாயங்காலம் அடிக்கலாம். ஈயும் தேனீயும் அடங்கின நேரம்.

கிளிமூக்கு:
சாயங்காலம் அடிக்க ஆள் வேணும்ல? ஆளுங்க காலையில 7க்கு வந்து மதியம் போயிடறாங்க. பெரிய சங்கதி அதுவும் இல்ல. எங்க பக்கம் பாதித் தோப்பு குத்தகையில இருக்கு. பூ விடறதுக்கு முன்னாடியே வியாபாரி முன்பணம் குடுத்துடறார். அப்புறம் எத்தனை தடவை மருந்து, எப்ப மருந்துன்றதெல்லாம் அவர் கணக்கு. ஈ செத்தா அவருக்கென்ன, அடுத்த வருஷம் வேற தோப்பு. என் தோப்பும் 2 வருஷம் அப்படித்தான் இருந்துச்சு. ஒரு தையில பூ கொத்துக் கொத்தா நின்னுச்சு, தோப்புல ஒரு சத்தம் இல்ல. முன்னல்லாம் கீழ நின்னா மேல ஙொய்னு இருக்கும். அந்த வருஷம்தான் குத்தகையை விட்டு நானே பார்க்க ஆரம்பிச்சேன்.

ஓசூர் மாடி:
அப்படின்னா குத்தகைப் பத்திரத்துலயே "பூ விரிஞ்சப்புறம் மருந்து இல்ல"ன்னு ஒரு வரி எழுதிட முடியாதா அண்ணா?

கிளிமூக்கு:
எழுதலாம். பணம் கொறைச்சுக் குடுப்பார். எவ்வளவு கொறைப்பார்னு கேட்டுப் பார்த்தவன் எங்க ஊர்ல இல்ல. நானும் கேக்கல.

ஓசூர் மாடி:
மனுவைக் கிழிச்சுட்டேன். வேற எழுதறேன். அடுத்த வகுப்புக்கு நீங்க வந்து பேசறீங்களா?

கிளிமூக்கு:
மேடை எனக்கு ஒத்துவராது. தையில பூ விரிஞ்சதும் இங்க பதிவு போடறேன். மண்டபத்து ஆளுங்க, அத்தை, அந்த ஆயா, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. காலையில 9 மணிக்கு மரத்தடியில நின்னு காது குடுங்க. பக்கத்துத் தோப்பு குத்தகைக்காரரையும் கூப்பிட்டுப் பார்க்கறேன், வருவாரான்னு சொல்ல முடியாது.

தளி ராகி:
பரண் டூட்டி அதுக்குள்ள முடிஞ்சா நானும். சோறு உண்டா?

கிளிமூக்கு:
களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். மாம்பழம் கேக்கக் கூடாது, வைகாசிக்குத்தான்.