போன்ல மாட்டுற கன்ட்ரோலரா, தனிப் பெட்டியா? ஏற்காடு நைட் டியூட்டிக்கு எது வாங்கலாம்?

மலைப்பாதை_20:
வணக்கம் மக்களே. வீடு சேலம் கன்னங்குறிச்சி, வேலை ஏற்காட்டுல ஒரு தங்கும் விடுதியில. ரிசப்ஷன்ல உட்கார்ற ஆள், வாரத்துல நாலு நாள் நைட் டியூட்டி. பதினோரு மணிக்கு மேல ஏரிப் பக்கம் பனி இறங்கிடும். அப்புறம் விடியற வரைக்கும் நானும் வாசல்ல படுத்திருக்கிற நாயும்தான்.

பழைய கேம் ஆடணும்னு ஆசை. கேம் பாய் அட்வான்ஸ், பிளேஸ்டேஷன் 1, அப்புறம் எங்கண்ணன் ஆடின அந்த டிவி கேம். கையில 6.7 இன்ச் ஆண்ட்ராய்டு போன் இருக்கு. திரையிலேயே விரல் வெச்சு ஆடிப் பார்த்தேன். கட்டைவிரல் பாதிப் படத்தை மறைக்குது, எந்தப் பட்டன் மேல விரல் இருக்குன்னும் தெரியல.

இப்போ ரெண்டு யோசனை. போனை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற டைப்-சி கன்ட்ரோலர் ஒண்ணு, பழைய கேம் ஆடறதுக்குன்னே 3.5 இன்ச் திரையோட வர்ற கையடக்கத் தனிப் பெட்டி ஒண்ணு. நான் பார்த்த வரைக்கும் விலை கிட்டத்தட்ட சமம். எது எடுக்கலாம்? பஸ்ல ஆடுற எண்ணம் இல்ல. 20 கொண்டை ஊசி வளைவுல குனிஞ்சு திரையைப் பார்த்தா என்ன ஆகும்னு மலையேறினவங்களுக்குத் தெரியும்.

தட்டுவடைசெட்:
இதுல யோசிக்க என்ன இருக்கு தம்பி, போன்தான்.

"பழைய கேம் எல்லாம் 4:3 (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு), போன்ல கருப்புப் பட்டை விழும், சின்னதா தெரியும்"னு ஒரு கூட்டம் வந்து சொல்லும். அதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க. 20:9 திரை, 6.7 இன்ச். படுக்கவெச்சா உயரம் 2.75 இன்ச். அதுல 4:3 படம் போட்டா குறுக்களவு கிட்டத்தட்ட 4.6 இன்ச். பட்டையோட சேர்த்தே உங்க 3.5 இன்ச் பெட்டியைவிட ஒரு இன்ச் பெரிசு. கேம் பாய் அட்வான்ஸ் 3:2, அது போன்ல 5 இன்ச்சைத் தொடும், பெட்டியில 3.4கூட வராது.

அடுத்தது சிப். சின்னப் பெட்டியில பிளேஸ்டேஷன் 1 வரைக்கும் நல்லா ஓடும், அதுக்கு மேல மூச்சு வாங்கும். பிளேஸ்டேஷன் 2 பேச்சே எடுக்கக் கூடாது. உங்க போன்ல பிஎஸ்பி, அதான் சோனியோட கையடக்க மெஷின், அதோட கேமே அலுங்காம ஓடும். கன்ட்ரோலர் மட்டும் வாங்குங்க, மிச்சம் எல்லாம் ஏற்கெனவே பாக்கெட்ல இருக்கு.

கொலுசுப்பட்டறை:
தம்பி, தட்டுவடை சொன்ன கணக்கு சரி. ஆனா அவர் கணக்குல போன் அடிக்கவே இல்ல பாருங்க.

நான் செவ்வாய்பேட்டையில வெள்ளிப் பட்டறை வெச்சிருக்கேன். ஆர்டர் போட்டோ, மாடல், பணம் வந்த சத்தம், எல்லாம் ஒரே போன்ல. போன வருஷம் அந்தக் கவ்வுற கன்ட்ரோலர் வாங்கினேன். ஆடணும்னா முதல்ல போன் கவரைக் கழட்டணும், கவரோட உள்ள போகாது. கேமரா மேடு ஒரு பக்கம் இடிக்கும், அதைச் சாய்ச்சு நுழைக்கணும். நுழைச்சு, எமுலேட்டரைத் (பழைய மெஷின் மாதிரி நடிச்சு கேமை ஓட்டுற ஆப்) திறந்து, ரெண்டு நிமிஷம் ஆடியிருப்பேன், நாமக்கல்லு பார்ட்டி கூப்பிடுவார். கன்ட்ரோலரோட போனைக் காதுல வெச்சுப் பாருங்க, வாழைத்தாரைத் தோள்ல தூக்கின மாதிரி இருக்கும். ஸ்பீக்கர்ல போட்டா பட்டறை முழுக்கக் கேட்கும். கழட்டினா ஆட்டம் போச்சு.

ஆறு மாசத்துல டைப்-சி துளை லூசாயிடுச்சு. சார்ஜர் குத்தினா ஆடும், ஒரு கோணத்துல பிடிச்சாத்தான் ஏறும். கடைக்காரர் திறந்து பார்த்துட்டு போர்டையே மாத்தணும்னுட்டார். அன்னைக்குத் தனிப் பெட்டி ஒண்ணு வாங்கினேன். ஒரு பட்டனைத் தட்டினா விட்ட இடத்துல நிக்கும். அதுல யாரும் எனக்குப் போன் பண்ண முடியாது. அதுக்குத்தான் காசு.

தட்டுவடைசெட்:
அண்ணா, துளை லூசானது போனைக் கன்ட்ரோலரோட சேர்த்துத் தூக்கிப் பையில போட்டதால. நெம்புகோல் மாதிரி மொத்தப் பாரமும் அந்த முனையில விழும். ஆடி முடிச்சதும் கழட்டி வெச்சா ஒண்ணும் ஆகாது. நான் ரெண்டு வருஷமா வெச்சிருக்கேன்.

கொலுசுப்பட்டறை:
கழட்டி வை, மாட்டி வை, கவரைப் போடு, கவரைக் கழட்டு. இதைத்தானே நானும் சொன்னேன். ஆடுறது பத்து நிமிஷம், அதுக்குக் கல்யாண வீட்டு ஏற்பாடு.

படத்தைப் பத்தியும் ஒண்ணு. டிவி கேம் படம் 256×240. என் பெட்டித் திரை 640×480. 240ஐ ரெண்டால பெருக்கினா 480, ஒவ்வொரு புள்ளியும் அச்சா நாலு புள்ளி ஆகும். உங்க 1080 வரித் திரையில நாலரை மடங்கு வருது. அரைப் புள்ளியை எங்க கொண்டுபோய் வைப்பீங்க? ஒரு வரி தடிப்பா, அடுத்த வரி மெலிசா இருக்கும். மரியோ ஓடும்போது செங்கல் எல்லாம் நெளியறதைப் பார்த்தா கண்ணு வலிக்குது.

தட்டுவடைசெட்:
ரெட்ரோஆர்க்னு ஒரு எமுலேட்டர் ஆப், அதுல இன்டிஜர் ஸ்கேல்னு ஒரு செட்டிங் இருக்கு, ஆன் பண்ணா சரியா நாலு மடங்குல நிக்கும். 960 வரி, மேலயும் கீழயும் கொஞ்சம் கருப்பு, அப்பவும் உங்க பெட்டியைவிடப் பெரிய படம். சரி, கேம் பாய் அட்வான்ஸ் 240×160 ஆச்சே, அதை உங்க 640×480ல எப்படி அச்சா வைக்கிறீங்க? ரெண்டு மடங்கு போட்டா 480×320, தபால் தலை. முழு அகலத்துக்கு இழுத்தா அதே நெளிவுதான். இதை மட்டும் சொல்லாம விட்டுட்டீங்க பாருங்க.

கொலுசுப்பட்டறை:
அது உண்மை. அந்தக் கேமுக்கு நான் ஃபில்டர் போட்டுக்கிறேன். ஒத்துக்கிட்டேன், போதுமா?

மாம்பழமண்டி:
ரெண்டு பேரும் புள்ளி எண்ணிட்டே இருங்க. நாங்க எல்லாம் 14 இன்ச் டிவியில, ஆண்டெனா ஒயர்ல சொருகி, சேனல் திருகி, மழை பெய்யற மாதிரிப் படத்துல ஆடினவங்க. அம்மாபேட்டையில தெருமுனையில ஒரு வீட்டுத் திண்ணையில மணிக்கு இவ்வளவுன்னு வாடகை. ஜப்பான்ல நின்டெண்டோ 1983ல விட்ட பெட்டியோட காப்பிதான் அதுன்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. கேசட் மேல 9999 கேம்னு போட்டிருக்கும். உள்ள போனா அதே பத்துப் பதினஞ்சு கேம் வேற வேற பேர்ல வரும். ஓடலைன்னா கழட்டி, வாய் வெச்சு ஊதி, திரும்ப மாட்டணும். அந்த வீட்டுப் பையன்தான் ஊதுவான், எங்களைத் தொட விடமாட்டான்.

என் கேள்வி வேற. புளூடூத் கன்ட்ரோலர் ஒண்ணு பேரன்கிட்ட இருக்கு, போன்ல சேர்த்து ஆடினேன். குதிக்கற பட்டனை அழுத்தினா சத்தம் தாமதமா வருது. டைப்-சியில இந்தத் தொல்லை உண்டா?

தட்டுவடைசெட்:
அய்யா, காதுல என்ன மாட்டியிருந்தீங்க? புளூடூத் இயர்பட்ஸா?

மாம்பழமண்டி:
ஆமா.

தட்டுவடைசெட்:
அப்போ கன்ட்ரோலர் மேல பழி போட வேண்டாம். இயர்பட்ஸ்தான் சத்தத்தைப் பிடிச்சு வெச்சு லேட்டா விடுது. ஒயர் ஹெட்போன் மாட்டிப் பாருங்க. நொடிக்கு 60 படம்னா ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. ரெண்டு மூணு படம் தள்ளிப் போனாலே கை உணர்ந்துடும். டைப்-சியில நேரா சொருகினா கன்ட்ரோலர் பக்கம் அந்தச் சந்தேகமே வராது. போதாததுக்கு ரெட்ரோஆர்க்ல ரன்-அஹெட்னு 2018ல ஒண்ணு சேர்த்தாங்க. கேமுக்குள்ளேயே இருக்கிற தாமதத்தை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து மறைச்சிடும். அதுக்குச் சிப் பலம் வேணும், அது போன்ல இருக்கு.

ஐந்துரோடு_ஆப்பிள்:
ஐபோன் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வரி. 2024 ஏப்ரல்ல ஆப்பிள் விதியைத் தளர்த்தினதுக்கு அப்புறம் டெல்டா, ரெட்ரோஆர்க், பிபிஎஸ்எஸ்பிபி மாதிரி எமுலேட்டர் எல்லாம் ஆப் ஸ்டோர்லயே கிடைக்குது. நின்டெண்டோவோட கேம்கியூப், வீ மாதிரிப் பெரிய மெஷினை எதிர்பார்க்காதீங்க, அதுக்குத் தேவையான ஜிட் வசதியை (ஓடும்போதே கேமோட நிரலைப் போனுக்கு ஏத்த மாதிரி மாத்தி வேகமா ஓட்டுறது) ஆப்பிள் இன்னும் திறக்கல. ஐபோன் 15க்கு முந்தையது டைப்-சி கிடையாது, கன்ட்ரோலர் வாங்கும்போது முனையைப் பார்த்து வாங்குங்க.

சுக்கம்பட்டி_சுக்கு:
கேம் பைல் எங்க கிடைக்கும், லிங்க் இருக்கா?

நெறியாளர்:
கேட்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. இன்னொரு தடவை வந்தா திரி பூட்டப்படும். 1957 பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52 காசு கொடுத்து வாங்கின நிரலுக்குப் பாதுகாப்பு நகல் எடுக்கத்தான் இடம் கொடுக்குது, ஊர் முழுக்கப் பகிர இல்ல.

தட்டுவடைசெட்:
இதையும் சொல்லணும். அண்ணன் புகழுற தனிப் பெட்டியோட ஒரு மெமரி கார்டு வருமே, ஆயிரக்கணக்குல கேம் போட்டு, அது மட்டும் என்ன நியாயமான சரக்கா? கார்டும் மட்டம், திடீர்னு ஒரு நாள் செத்துப்போகும், சேவ் எல்லாம் அதோட போகும்.

கொலுசுப்பட்டறை:
கார்டு மட்டம்தான். வந்த அன்னைக்கே எடுத்து வீசிட்டு நல்ல கார்டு போட்டேன். இடமும் பெரிசா வேணாம். முதல் சூப்பர் மரியோ முழுசும் 40 கேபி. காலையில பெரியப்பா அனுப்புற குட்மார்னிங் ரோஜாப்பூ அதைவிடப் பெரிசு.

மலைப்பாதை_20:
எல்லாருக்கும் நன்றி. ஒரு சேதி. கூட வேலை செய்யற பையன்கிட்ட அந்தக் கவ்வுற கன்ட்ரோலர் இருந்துச்சு, நேத்து ராத்திரி இரவல் வாங்கினேன்.

படம் அருமை, தட்டுவடை அண்ணன் சொன்னது நிஜம். கான்ட்ரா போட்டேன். முகப்புல மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ அடிச்சா 30 உயிர். எங்கண்ணன் சொல்லிக்கொடுத்தது. மூணு தடவை அடிச்சும் வரல, நாலாவது தடவை வந்துச்சு. முதல் கட்டத்தோட கடைசிச் சுவர் வரைக்கும் போயிட்டேன். மணி ரெண்டேகால். மாடி ரூம்ல இருந்து போன், சுடுதண்ணி வரலையாம், குழந்தை அழுவுதாம். ஸ்பீக்கர்ல போட்டுக் கன்ட்ரோலரோடயே படியேறிப் போனேன். அந்த அம்மா என் கையைப் பார்த்த பார்வை இருக்கே. வால்வைத் திறந்து விட்டுத் திரும்பி வந்தா எமுலேட்டர் மூடிக் கிடக்கு, 30 உயிரும் போச்சு.

தட்டுவடைசெட்:
விட்ட இடத்தைத் தானே சேமிச்சு வைக்கிற ஆட்டோ சேவ் ஸ்டேட்டை ஆன் பண்ணி வைக்கலையா?

கொலுசுப்பட்டறை:
பார்த்தீங்களா, அதுக்கும் ஒரு செட்டிங் இருக்கு.

மலைப்பாதை_20:
சண்டை வேண்டாம். இன்னைக்குக் காலையில வீட்டுக்கு வந்து அலமாரியைக் குடைஞ்சேன். 2019ல வாங்கின போன், மூலையில விரிசல், ஆனா டைப்-சி. சிம் இல்ல, வாட்ஸ்அப் இல்ல. பேட்டரி ஒரு மணி நேரம்தான் நிக்குது. ஆனா கன்ட்ரோலர் அடியில சார்ஜர் குத்துற துளை இருக்கு, ரிசப்ஷன்ல பிளக் பாயின்ட்டும் இருக்கு. கன்ட்ரோலரை நிரந்தரமா அதுலயே மாட்டிடலாம்னு இருக்கேன். வேலை போன் பாக்கெட்ல இருக்கட்டும்.

தட்டுவடைசெட்:
சூப்பர் தம்பி. கடைசியில போன்தான்னு ஆச்சு.

கொலுசுப்பட்டறை:
யாரும் கூப்பிட முடியாத, வேற எதுக்கும் உதவாத, ஆட்டத்துக்குன்னே வெச்ச ஒரு பொருள். அதுக்குப் பேரு தனிப் பெட்டி. தம்பி, பழைய பேட்டரி, பின்பக்க மூடி உப்பியிருக்கான்னு தடவிப் பாருங்க. உப்பியிருந்தா சார்ஜ்ல போடவே போடாதீங்க.

மலைப்பாதை_20:
உப்பல் இல்லண்ணா, தட்டையாத்தான் இருக்கு. ஒரு சந்தேகம் மட்டும். அந்த 30 உயிர் மூணு தடவை ஏன் வரலைன்னு இப்போ பார்த்துட்டேன். டி-பேட்ல, அந்தத் திசைப் பட்டன்ல, இடது அழுத்தினா சில சமயம் மேலயும் சேர்ந்து விழுது. இதை அவனுக்குத் திருப்பிக் கொடுத்துட்டு வேற வாங்கட்டுமா?

கொலுசுப்பட்டறை:
வேண்டாம், எல்லா டி-பேட்லயும் வர்ற வியாதிதான். அவன் சரின்னா திறந்து பாருங்க. ரப்பருக்கு அடியில போர்டுல கருப்புத் தொடுபுள்ளி நாலு இருக்கும். ஒவ்வொண்ணு மேலயும் மெலிசா ஒரு செல்லோடேப் துண்டு, ஓரம் மட்டும் மூடற மாதிரி ஒட்டுங்க, நடுவுல விட்டுடுங்க. இடுக்கி இருந்தா சுலபம். இல்லைன்னா பட்டறைக்கு எடுத்துட்டு வாங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல.

தட்டுவடைசெட்:
நானும் வர்றேன்ணா, என்னோடதுலயும் கீழ் பட்டன் இழுக்குது.