கொல்கத்தா டெர்பி: நேரில் பார்த்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் மக்களே. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில், ஒரே ஊர்ப் போட்டியாளர்களான மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணிகள் மோதும் ஆட்டத்துக்கு (அதைத்தான் டெர்பி என்கிறார்கள்) அம்மாவையும் ஏழாவது படிக்கும் பையனையும் கூட்டிக்கொண்டு போக ஆசை. 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு அங்கே 1,31,000 பேருக்கு மேல் வந்தார்கள். பிறகு தனித்தனி நாற்காலி போட்டு இடத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் கூட்டத்தை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. பையனுக்கோ அதுதான் வேண்டுமாம்!

முதல் குழப்பம் சட்டை. பச்சை-மெரூன் மோகன் பகான், சிவப்பு-மஞ்சள் ஈஸ்ட் பெங்கால். நாங்கள் எந்தக் கட்சியும் இல்லை. வெள்ளைச் சட்டையோடு போனால் எந்தப் பக்கம் உட்காருவது? மோகன் பகான் ஜெயித்தால் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன் என்பது அந்த ஊர் வழக்கம். எங்கள் வீட்டில் இறாலுக்குத்தான் ஓட்டு.

மைதானத்தைச் சுற்றி ஓடுதளம் இருப்பதால் கீழ்வரிசையில் பந்து சரியாகத் தெரியுமா? மேலே போகலாம் என்றால் அம்மாவுக்கு முழங்கால் வலி, படி அதிகம் ஏற முடியாது. தண்ணீர் பாட்டில், பவர் பேங்க் உள்ளே விடுவார்களா? ஆட்டம் முடிந்ததும் மெட்ரோவில் ஏற முடியுமா, கூட்டம் கலையும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்கலாமா? பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், பையன் எழுந்து வரமாட்டான்.