‘ஏகவினமல்லாத’ வேண்டாம், ‘திணிப்பு’ சரிவருமா?

அன்பர்களுக்கு,

வலப்பக்கத்தில் பூச்சியத்துக்குப் பதிலாக எக்ஸின் சார்பு ஒன்று நிற்கும் வகையீட்டுச் சமன்பாட்டை ஆங்கிலத்தில் ‘நொன்ஹோமோஜீனியஸ்’ என்கிறார்கள். அதற்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்பதுதான் நம் பேச்சு. இலங்கையில் நாங்கள் சொல்வது இப்படி:

‘ஏகவினமல்லாத இரண்டாம் வரிசை ஏகபரிமாண வகையீட்டுச் சமன்பாடு.’ போன கிழமை கொழும்பு வெள்ளவத்தை வகுப்பில் இதைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், ஏகவினம் என்றால் உப்புக் கரைசல் மாதிரியா?” விஞ்ஞானப் பாடத்தில் ஏகவினக் கலவை படித்தவள் வேறென்ன கேட்பாள்?

சென்னை நண்பர் சொல்லும் ‘அசமபடித்தான’ (படி சமமில்லாத) இதைவிட மேல். இடப்பக்க உறுப்பெல்லாம் சார்பிலும் அதன் பெறுதிகளிலும் (வகைக்கெழுக்களிலும்) முதற்படி. வலப்பக்கத்தில் இருப்பதோ பூச்சியப் படி. கணக்கு ஒத்துவருகிறது. ஆனால் முதல் வரிசைச் சமன்பாடுகளில் சமபடி என்பது எக்ஸ், வை இரண்டையும் சேர்த்து எண்ணும் படி. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். பிள்ளைகள் அங்கே செய்த பிரதியீட்டை இங்கேயும் போட்டுப் பார்க்கிறார்கள்.

இல்லாததைச் சொல்லிப் பெயர் வைப்பானேன், வலப்பக்கத்தில் இருப்பதற்கே பெயர் வைப்போம் என்பது என் கட்சி. தீர்க்கும் முறையும் அப்படித்தானே? முதலில் வலப்பக்கத்தைப் பூச்சியமாக்கி நிரப்பு சார்பு காண்கிறோம். அப்புறம் வலப்பக்கத்துக்காகவே ஒரு சிறப்புத் தீர்வு. இரண்டையும் கூட்டினால் பொதுத் தீர்வு.

இரண்டாம் பெறுதியோடு சார்பைக் கூட்டினால் சைன் எக்ஸ் வரவேண்டும் என்று வையுங்கள். சைனும் கோசைனும் கலந்து ஊகித்தால் இடப்பக்கம் பூச்சியமாகிவிடும், ஏனென்றால் அவை ஏற்கனவே நிரப்பு சார்பில் இருக்கின்றன. எக்ஸால் பெருக்கி ஊகிக்கவேண்டும். விடை, எக்ஸ் கோசைன் எக்ஸின் பாதி, முன்னால் மறைக்குறி. எக்ஸ் கூடக்கூட வீச்சும் கூடும். பௌதிகத்தில் பரிவு (ஒத்ததிர்வு) என்று படிப்பது இதைத்தான்.

அதே பாடத்தில் ‘வலிந்த அதிர்வு’ உண்டு, வெளிவிசை ஒன்று ஆட்டுவதால் வரும் அதிர்வு. அதிலிருந்து ‘வலிப்புறுப்பு’ என்று ஆக்கிப் பார்த்தேன். நரம்பு வைத்தியரிடம் அனுப்பவேண்டிய சொல்லாகிவிட்டது. ‘தூண்டல்’ மின்காந்தத்துக்குப் போய்விட்டது, ‘உந்தம்’ இயக்கவியலுக்கு. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இதே அதிர்வுக்குத் ‘திணிப்பு அதிர்வு’ என்கிறார்கள். ஆகவே வலப்பக்கத்துக்குத் திணிப்புறுப்பு. அது இருந்தால் திணிப்புடைச் சமன்பாடு, பூச்சியமானால் திணிப்பிலிச் சமன்பாடு.

திணிப்பு என்றதும் சென்னை நண்பருக்கு இந்தி ஞாபகம் வரும், தெரியும். அது போகட்டும். ‘திணிப்பிலி’ காதுக்கு எப்படி இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.