நெஞ்சுப் பட்டையில் அல்ட்ராசோனிக் சென்சார்: வீண் அதிர்வு, ரீசெட்

ஈசூன்_தம்பி:
வணக்கம். பார்வையில்லாத பெரியப்பாவுக்கு, தலைக்கு நேரே வரும் தடையை உணர்த்த ஒரு கருவி செய்கிறேன். கீழே கிடப்பதை வெள்ளைக்கோல் பிடித்துவிடும். இங்கே சிங்கப்பூரில் அடுக்குமாடிகளின் கீழே திறந்தவெளியாக இருக்கும் வாய்ட் டெக்கில் தொங்கும் பலகையும் நடைபாதைக்குள் நீண்ட மரக்கிளையும் கோலுக்கு எட்டாது. கையில் உள்ளவை: இஎஸ்பி32 போர்டு (எல்லாவற்றையும் இயக்கும் சின்னக் கணினி), எச்சிஎஸ்ஆர்04 சென்சார் (ஒலியை அனுப்பி எதிரொலியால் தூரம் அளப்பது), 10 மி.மீ. நாணய வடிவ அதிர்வு மோட்டார், 500 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி, டிபி4056 சார்ஜர். மணிக்கட்டில் கட்டினால் சும்மா சும்மா அதிர்கிறது. மோட்டார் ஓடினாலே போர்டு ரீசெட் ஆகிறது. எங்கே தப்பு?

சாலிடர்_புகை:
மோட்டாரை நேரே போர்டின் காலில் (பின்) சொருகியிருப்பீர்கள், அதுதான் ரீசெட்டுக்குக் காரணம். அது 80 மில்லியாம்பியர் வரை இழுக்கும், கிளம்பும்போது இன்னும் கூட. அந்தக் காலுக்கு 20 மில்லியாம்பியர் தாண்டாமல் இருப்பது நல்லது. நடுவில் சுவிட்ச் மாதிரி 2என்2222 டிரான்சிஸ்டர் போடுங்கள், அதற்கு மூன்று கால்: பேஸுக்கு 1 கிலோஓம் வழியாகச் சிக்னல், எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் மோட்டாருக்கு. மோட்டாரின் குறுக்கே 1என்4001 டையோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். திருப்பி மாட்டினால் ஷார்ட்தான். பேட்டரி லைனில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று.

சென்சாருக்கு 5 வோல்ட் வேண்டும். பேட்டரியின் 3.7 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் அளவு தாவும், வோல்ட்டை ஏற்றித் தரும் ஒரு பூஸ்ட் மாட்யூல் போடுங்கள். சென்சாரின் எக்கோ காலிலிருந்து போர்டுக்கு வருவதும் 5 வோல்ட், போர்டு 3.3 தான் தாங்கும். 1 கிலோஓம் தொடராக, 2 கிலோஓம் கிரவுண்டுக்கு, 3.3-க்கு இறங்கிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று: டிபி4056 போர்டுகள் பெரும்பாலும் 1.2 கிலோஓம் ரெசிஸ்டரோடு வரும், 1 ஆம்பியரில் ஏற்றும். 500 எம்ஏஎச் செல்லுக்கு அது ரொம்ப அதிகம். 5.1 கிலோஓம் மாற்றினால் ஏறத்தாழ 250 மில்லியாம்பியர். உடம்போடு ஒட்டியிருக்கப்போகும் பேட்டரி, இதில் விளையாட வேண்டாம். பாகங்கள் வாங்கச் சிம் லிம் டவர் கட்டடத்துக்குப் போங்கள், சிம் லிம் ஸ்குவேருக்கு அல்ல.

அலை40:
வீண் அதிர்வுக்கு மணிக்கட்டே காரணம். கை வீசும்போது சென்சார் தரையை, தொடையை, கோலை எல்லாம் பார்க்கிறது. நெஞ்சுக்கு மாற்றி 15 டிகிரி மேல்நோக்கிச் சாயுங்கள். 1.5 மீட்டர் தூரத்தில் நடுக்கோடு 40 செ.மீ. ஏறிவிடும், முகத்துக்கு நேராக வரும். பட்டை தளர்ந்தால் சாய்வும் போச்சு, அதனால் முதுகில் குறுக்குப் பட்டையும் வேண்டும்.

நிரலில் (கோட்) இரண்டு திருத்தம். சென்சார் அனுப்பும் ஒவ்வொரு ஒலித் துடிப்புக்கும் நடுவே 60 மில்லிசெகண்ட் விடுங்கள்; அவசரப்பட்டால் முந்தைய எதிரொலியைப் புதிதென்று எடுத்துக்கொள்ளும். பிறகு மூன்று அளவில் நடு மதிப்பை எடுங்கள். ஐந்து எடுத்தால் 300 மில்லிசெகண்ட் போகும், அதற்குள் நடப்பவர் 30 செ.மீ. முன்னே போயிருப்பார். நம்மூர் வெப்பத்துக்கு ஒலிவேகத் திருத்தம் தேவையில்லை, வித்தியாசம் 2 சதவீதத்துக்குள்தான்.

சாய்ந்த வழவழப்பான பரப்பு ஒலியை வேறு பக்கம் தள்ளிவிடும், காயப்போட்ட துணி விழுங்கிவிடும். லேசர் சென்சார் விஎல்53எல்0எக்ஸ் சிறியது, ஆனால் நல்ல வெயிலில் தூரம் குறையும், கண்ணாடிக் கதவை ஊடுருவிப் பார்த்துவிடும். மழைக்கு நீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சார் ஜேஎஸ்என்எஸ்ஆர்04டி நல்லது. 20 செ.மீ.க்குள் இருப்பதை அது பார்க்காது, நெஞ்சில் கட்டுவதற்கு அது பெரிய குறையில்லை.

கோல்_முனை:
அதிர்வை மூன்று படியாக வையுங்கள்: 150 செ.மீ.யில் மெதுவான தட்டு, 100-இல் வேகமாக, 60-க்குள் தொடர்ச்சியாக. எப்போதும் அதிர்ந்துகொண்டே இருந்தால் தோல் மரத்துப்போய் யாரும் கவனிக்க மாட்டார்கள். பீப் ஒலி வேண்டவே வேண்டாம், போக்குவரத்தைக் கேட்கும் காதை அடைக்காதீர்கள்.

ஹாக்கர் சென்டரின் (உணவங்காடி) மதியக் கூட்டத்தில் இது நிற்காமல் அதிரும். விரலால் தடவியே ஆன்-ஆ ஆஃப்-ஆ என்று தெரியும், பக்கவாட்டில் தள்ளும் சுவிட்ச் கட்டாயம். தொடு பட்டன் உதவாது. சாக்கடைப் பள்ளமும் படியின் இறக்கமும் இந்தச் சென்சாருக்குத் தெரியாது, கோல் கையில் இருந்தே ஆகவேண்டும்.

பெரியப்பா கோல் நடைப் பயிற்சி எடுத்திருக்கிறாரா? இல்லையென்றால் முதலில் தோ பாயோ ரைஸில் உள்ள பார்வையற்றோர் சங்கத்தில் கேளுங்கள். கடையில் கிடைக்கும் கருவிகளைத் தொட்டுப் பார்க்க லெங்கோக் பாருவில் எனேபிளிங் வில்லேஜ் இருக்கிறது. வாங்குவதாக இருந்தால், தகுதி உள்ளவர்களுக்கு உதவித் தொழில்நுட்ப நிதி 90 சதவீதம் வரை கொடுக்கும், ஆயுளுக்கு 40,000 வெள்ளி வரம்பு.

ஈசூன்_தம்பி:
நன்றி அண்ணன்மாரே. பயிற்சி எடுத்திருக்கிறார், கோலை விடமாட்டார். சுவிட்ச் பட்டையின் வலப்பக்கமா, இடப்பக்கமா?

கோல்_முனை:
கோல் பிடிக்காத கை பக்கம்.