கர்ல் இருக்க டபிள்யூகெட் எதற்கு?

கருந்திரை: நேற்று இங்கே ஒரு மேதை அருளியிருக்கிறார்: "கர்ல் வந்த பிறகு டபிள்யூகெட் வெறும் அருங்காட்சியகப் பொருள்." இரண்டுமே கட்டளை அடித்து இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் கருவிகள்தான்: டபிள்யூகெட் 1996, கர்ல் 1998. இரண்டு வயது இளையது என்பதற்கா இத்தனை கொண்டாட்டம்? டெபியன் லினக்ஸின் டிவிடி ஐஎஸ்ஓ, அதாவது அந்த வட்டின் நகல் கோப்பு, இறங்கும்போது பாதியில் நின்றுபோனால் டபிள்யூகெட் கட்டளையில் ஒரு -சி போதும், விட்ட இடத்திலிருந்து தொடரும். கர்லில் அதற்குப் பெரிய எழுத்து சி, ஓர் இடைவெளி, பிறகு தனியாக ஒரு கோடு. எதற்கு அந்தக் கோடு?

அலைவரிசை: அந்த மேதை நான்தான். பெரிய சி-க்குப் பிறகு எத்தனையாவது பைட்டிலிருந்து தொடர வேண்டும் என்று எண் கொடுக்கலாம். கோடு போட்டால், இறங்கிய கோப்பின் அளவைப் பார்த்து அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். கையேட்டைப் புரட்டுகிறவர்களுக்கு இது தெரியும்.

கருந்திரை: கணக்கிடத் தெரிந்த நிரலுக்கு அதை வேறு சொல்ல வேண்டுமா? கோட்டை மறந்தால் அடுத்து வரும் முகவரியை எண்ணாக எடுத்துக்கொண்டு முழிக்கிறது. அவசரத்தில் சின்ன சி அடித்தால், தளம் தரும் குறிப்புத் துணுக்கான குக்கீயைச் சேமிக்கப் போய்விடுகிறது. அருமையான வடிவமைப்பு!

நெல்லைப் பென்குயின்: ஏரியா2 என்று இன்னொரு இறக்கும் கருவி இருக்கிறதே? ஒரே கோப்பைப் பல இணைப்புகளில் இறக்கும்.

கருந்திரை: உங்களை யார் கேட்டார்கள்? விம் என்ற உரைத் திருத்தி பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து அதன் போட்டியான ஈமேக்ஸ் புராணம் பாடினீர்கள்.

அலைவரிசை: விண்டோஸ் 10இல் 2018 முதல் கர்ல் கூடவே வருகிறது. மேக்கிலும் உண்டு. டபிள்யூகெட்டை அங்கே தனியாக நிறுவ வேண்டும்.

கருந்திரை: விண்டோஸைச் சாட்சிக்கு அழைக்கும் நிலைக்கு வந்துவிட்டீர்களா? விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லின் பழைய பதிப்பில் கர்ல் என்று அடித்தால் ஓடுவது வேறு கட்டளை. டபிள்யூகெட்டோ இணைப்பு அறுந்தால் தானே 20 முறை வரை முயன்று, விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்கு -சி கூட வேண்டாம். கர்லுக்கு மறுபடி முயலவும் சொல்லித்தர வேண்டும்.

அலைவரிசை: சொன்னதை மட்டும் செய்வதுதான் நல்ல கருவி. எனக்கு முந்திரிக்கொட்டை வேண்டாம்.

மெல்லினம்: ஒரு தளத்தையே கிளைகளோடு இறக்க டபிள்யூகெட், நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் ஏபிஐ-யைச் சோதிக்க கர்ல். எந்த வேலைக்கு என்று முதலில் சொல்லுங்களேன்.

கருந்திரை: பஞ்சாயத்து வேண்டாம். கோட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

அலைவரிசை: இரண்டாவது பதிவில் இருக்கிறது. கையேடுதான் வாசிக்க மாட்டீர்கள், பதிவுமா?

கருந்திரை: வாசித்தேன். அது விளக்கம், பதில் அல்ல.

நெல்லைப் பென்குயின்: ஈமேக்ஸைப் புராணம் என்றீர்களே, அதை இன்னொரு முறை சொல்லுங்கள் பார்க்கலாம்.