பத்தாவது டேப்லெட் ஹாட்ஸ்பாட்ல சேரவே மாட்டேங்குது, கொஞ்சம் சொல்லுங்க

பாம்பன் பக்கம் மூணாங்கிளாஸ் எடுக்குறேன், 14 பிள்ளைங்க, அரும்பு மொட்டு மலர்னு மூணு கற்றல் நிலையிலயும் இருக்காங்க. அதான் விண்டோஸ் 10 லேப்டாப்ல கோலிப்ரிங்கிற பாட சாஃப்ட்வேரை போட்டு, நெட் இல்லாமலே ஒவ்வொரு குரூப்புக்கும் தனிப்பாடம் குடுத்திருக்கேன், நல்லாவே போகுது.

ஆனா ரெண்டு வாரமா போன் ஹாட்ஸ்பாட்ல லேப்டாப்போட ஒம்பது டேப்தான் சேருது. இன்னும் எழுத்து கூட்டியே படிக்கிற பிள்ளை ஒண்ணு, சுத்திக்கிட்டே இருக்குற ஸ்கிரீனை விரலால தேச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, அதுக்குத்தான் இது ரொம்ப வேணும்.

ஹாட்ஸ்பாட் லிமிட் பத்துக்கு மேல ஏறல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு, வேற போனும் பாத்தாச்சு. பழைய ரவுட்டர் ஒண்ணு மாட்டினா 14 டேப்பும் சேருது, ஆனா டேப் பிரவுசர்ல லேப்டாப் ஐபி முகவரியோட கோலிப்ரி போர்ட் நம்பர் 8080 சேர்த்து அடிச்சா பக்கம் திறக்கல, லேப்டாப்ல மட்டும் திறக்குது.

ரவுட்டர்ல மாத்தணுமா, விண்டோஸ் ஃபயர்வால்ல மாத்தணுமா, எந்த செட்டிங்?